குட்டியானைக்கு ஏறிய பிரீமியமும் 104 நாளாக வராத கிளெய்மும்

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் சொந்தமாக ஒரு குட்டியானை வைத்து ஜவுளி லோடு அடிக்கிறேன். போன அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி, என் மைத்துனர் ஓட்டி வரும்போது எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கப் போய் பாலத்துக் கட்டையில் மோதிவிட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை, கேபின் நசுங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 1,18,000. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்தார். 70,000தான் வரும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதுவும் 104 நாளாகிறது, வரவில்லை. வட்டிக்கு வாங்கித்தான் வண்டியை வெளியே எடுத்தேன். இதற்கு நடுவில் டிசம்பரில் புதுப்பிக்கப் போனால் 24,919 இருந்த பிரீமியம் 31,011 ஆகியிருக்கிறது. கவர்ன்மென்ட் ஏற்றிவிட்டது என்கிறார் ஏஜென்ட். நாடாளுமன்றத்திலேயே இதைக் கேட்கிறார்கள், சீக்கிரம் குறைப்பார்கள், பழைய கிளெய்முக்கும் வழி பிறக்கும் என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள். காத்திருக்கலாமா, இல்லை கோர்ட்டுக்குப் போகவா?

பதில்: வணக்கம். இரண்டு வருடப் பாலிசியையும் சர்வே ரிப்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்ல காரியம். பலர் வெறும் கோபத்தை மட்டும் அனுப்புவார்கள். நான் 22 வருடம் சர்வேயராக இருந்தவன். காகிதம் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

காத்திருக்க வேண்டாம். கோர்ட்டும் இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஏஜென்ட் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அது பொய்.

உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் பிரீமியம் இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒன்று ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு. இன்னொன்று தேர்ட் பார்ட்டி, உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு. அரசு விலை வைப்பது இரண்டாவதற்கு மட்டும். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொண்டு அறிவிக்கிறது, எல்லாக் கம்பெனியும் அதே தொகையைத்தான் வாங்க வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அது 2019இல் 15,746 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் 16,049. நீங்கள் அனுப்பிய இரண்டு பாலிசியிலும் அதே 16,049தான் இருக்கிறது. ஆக, அந்தப் பக்கம் ஒரு பைசாகூட ஏறவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சரக்கு வண்டியின் தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். உங்கள் கணக்கில் அது 1,123 ரூபாய் மிச்சம்.

அப்புறம் எங்கே ஏறியது? ஓன் டேமேஜில். அந்த விலையை 2007 ஜனவரியிலிருந்தே கம்பெனிகளின் கையில் விட்டுவிட்டார்கள். 2024 டிசம்பர் பாலிசியில் உங்களுக்கு அடிப்படை 10,700, அதில் நான்கு வருடம் கிளெய்ம் இல்லாததற்கு 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் போக 5,885. 2025 டிசம்பரில் அடிப்படை 12,000, போனஸ் பூஜ்யம், மொத்தம் 12,000. வண்டிக்கு வயது கூடி ஐ.டி.வி., அதாவது பாலிசியில் போடும் வண்டி மதிப்பு, குறைந்தும் அடிப்படை ஏறியிருக்கிறது என்றால் கம்பெனி தருகிற டிஸ்கவுன்ட்டைச் சுருக்கிவிட்டது என்று பொருள். ஆனால் பெரிய அடி போனஸ் போனதுதான். கிளெய்ம் போடாமல் இருந்திருந்தால் ஐந்தாவது வருடத்துக்கு 50 சதவீதம் கிடைத்து, அதே 12,000 உங்களுக்கு 6,000 ஆகியிருக்கும்.

‘பணமே வரவில்லையே, போனஸை எப்படிப் பிடுங்கலாம்’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விதி, முந்தைய வருடத்தில் கிளெய்ம் போட்டிருந்தாலோ நிலுவையில் இருந்தாலோ போனஸ் கிடையாது என்கிறது. பணம் வந்ததா என்று அது பார்ப்பதில்லை. தாமதத்தில் கம்பெனிக்கு ஒன்றும் குறைவதில்லை, உங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. உண்மையில் யாராவது நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்றால் இதைத்தான் கேட்க வேண்டும்.

அரசியல் பக்கம் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கும், ஆனால் தேர்ட் பார்ட்டி பக்கம்தான் நடக்கும். 2017 மார்ச் கடைசியில் தென் மாநிலங்களில் லாரிகள் நின்றது ஞாபகம் இருக்கும். தேர்ட் பார்ட்டி பிரீமிய உயர்வு அதில் பெரிய காரணம். ஐதராபாத்தில் ஆணையத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், அறிவித்த உயர்வில் ஒரு பகுதி குறைந்தது. 2018 ஜூலையில் நாடு முழுக்க இன்னொரு வேலைநிறுத்தம். 2019 ஜனவரியில் சரக்கு வண்டிக்கு அந்த ஜி.எஸ்.டி. 18லிருந்து 12 ஆனது. இப்போது 5. இதெல்லாம் நாமக்கல் பக்கத்து ஆட்கள் ரோட்டில் வண்டியை நிறுத்திப் பெற்றது. நீங்களும் அதில் பங்காளிதான்.

அரசு ஏன் அந்த விலையை இஷ்டத்துக்கு ஏற்ற விடாது, ஏன் இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். தேர்ட் பார்ட்டியில் உயிரிழப்புக்குக் கம்பெனி தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு கிடையாது, தீர்ப்பாயம் சொல்வதுதான். 2016இல் கொண்டுவந்த மோட்டார் வாகனத் திருத்த மசோதாவில் உயிரிழப்புக்கு 10 லட்சம் என்று கம்பெனியின் பொறுப்புக்கு வரம்பு வைக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்தது, மக்களவையில் நிறைவேறும்போது அந்த வரம்பு போய்விட்டது. அது நல்லதாகப் போயிற்று. 10 லட்சத்துக்கு மேல் தீர்ப்பானால் மிச்சத்துக்கு உங்களைப் போன்ற ஒற்றை வண்டிக்காரர் வீட்டை விற்க வேண்டியிருக்கும். 16,049ஐப் பார்த்து வயிறு எரியும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்ற நிதி நிலைக்குழுவும் 2024 பிப்ரவரியில் காப்பீட்டுத் துறையைப் பற்றி விரிவாக ஓர் அறிக்கை கொடுத்தது. இன்சூரன்ஸ் இல்லாமலே ரோட்டில் ஓடும் வண்டிகளைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில்தான் கட்டாதவர் பாரமும் வந்து விழுகிறது, ஆகவே அது தேவையான பேச்சு. ஆனால் இப்படிப்பட்ட எந்த அறிக்கையும் ஒரு தனி ஆளின் ஃபைலைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போடாது. இன்னொன்று, தாமதத்தைப் பற்றி அரசியல்வாதிகள் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நம் ஊர் அரசுப் பேருந்துகளுக்கு இன்சூரன்ஸ் போடாமல் இருக்கச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. விபத்து இழப்பீட்டைக் கட்டாததால் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே போய்ப் பேருந்தை ஜப்தி செய்கிற செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம்.

சரி, உங்கள் கிளெய்முக்கு வருவோம். இதில் இரண்டு சண்டை இருக்கிறது. ஒன்று தொகை, ஒன்று தாமதம். முதல் சண்டையில் உங்கள் பக்கம் பலம் குறைவு. இரண்டாவதில் கம்பெனிக்கு நிற்கவே இடமில்லை.

1,18,000 எப்படி 70,000 ஆனது? சர்வே ரிப்போர்ட்டை வரி வரியாகப் பார்த்தேன். வண்டி 2020 டிசம்பரில் எடுத்தது, விபத்தின்போது நான்கு வருடம் தாண்டி ஐந்துக்குள். அந்த வயதில் இரும்புப் பாகங்களுக்குத் தேய்மானம் 35 சதவீதம். கேபின் பேனல், கதவு என்று 48,000க்கு 16,800 கழித்திருக்கிறார். ரப்பர், பிளாஸ்டிக்குக்குப் பாதி, 8,000க்கு 4,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, 9,000மும் அப்படியே கொடுத்திருக்கிறார். லேபர் 30,000க்கு 27,000. எக்சஸும் (ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பங்காகக் கழிக்கும் தொகை) பழைய இரும்பின் மதிப்புமாக 1,200 கழிவு. இதுவரை எல்லாம் முறைதான். லேபரில் அந்த 3,000 மட்டும் பேரம் பேசலாம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

பெரிய வெட்டு வேறு இடத்தில். பம்பர், ஹெட்லைட், பெயின்ட் மூன்றும் சேர்ந்து 23,000. அதற்கு நேரே பூஜ்யம் போட்டு ‘ஐ.எம்.டி. 23 இல்லை’ என்று எழுதியிருக்கிறார். கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருக்கிறது, உங்களுக்குப் புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. விஷயம் இதுதான். சொந்தக் காருக்கு இவையெல்லாம் பாலிசிக்குள் தானாகவே அடங்கும். வாடகை, சரக்கு வண்டிகளுக்கு அப்படி அடங்காது. விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பக்கவாட்டுப் பாகம், பம்பர், பெயின்ட் ஆகியவை வண்டி மொத்தமாகப் போனால் ஒழிய வெளியே. உள்ளே வேண்டும் என்றால் ஐ.எம்.டி. 23 என்ற இணைப்பைக் கேட்டு, ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 15 சதவீதம் கூடக் கட்ட வேண்டும். வண்டி முட்டினால் முதலில் உடைவது எது? பம்பரும் ஹெட்லைட்டும்தான். அதை வெளியே வைத்துவிட்டு ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று ஏஜென்ட் சொல்லி விற்கிறார், நாமும் நம்பி வாங்குகிறோம். சில நூறு ரூபாய் குறைத்துக் காட்டி வாடிக்கையாளரைப் பிடிக்க அவர்கள் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். சர்வேயராக இருந்த காலத்தில் ஒர்க்‌ஷாப் வாசலில் இதைச் சொல்லித்தான் அதிகம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் பாலிசியில் அந்த இணைப்பு இல்லை. இரண்டு வருடத்திலும் இல்லை, பார்த்துவிட்டேன். ஆகவே அந்த 23,000க்காகப் புகார் கொடுத்தால் தோற்பீர்கள், கூடவே தாமதப் புகாரின் வலுவும் குறையும். புகாரில் 70,000ஐ ஒப்புக்கொள்ளுங்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாளுக்கான வாடகை இழப்பையும் சேர்த்துக் கேட்காதீர்கள், ஓன் டேமேஜ் அதைத் தராது.

இப்போது தாமதம். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 உத்தரவுப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும். ரிப்போர்ட் கைக்கு வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். கூட்டினால் 23 நாள். உங்கள் விஷயத்தில் ரிப்போர்ட் கம்பெனிக்குப் போனதே 26ஆம் நாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் காகிதம் கேட்டிருக்கிறார்கள்: முதலில் பெர்மிட், பிறகு மைத்துனரின் லைசென்ஸில் டிரான்ஸ்போர்ட் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டும் அனுமதி) இல்லை என்று ஒரு கடிதம், பிறகு லோடு சீட்டு, கடைசியாக ‘ஃபைல் ரீஜனல் ஆபீசில் இருக்கிறது’.

பெர்மிட் கேட்டது எனக்குப் புரியவே இல்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவே பெர்மிட் வேண்டாம் என்கிறது. உங்கள் ஆர்.சி.யில் எடை போட்டிருக்கிறது, அதைத் தாண்டவில்லை. மேசையில் இருக்கிற ஒரு பட்டியலைப் பார்த்து யாரோ கேட்டிருக்கிறார்கள். நீங்களும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு நடை நடந்திருக்கிறீர்கள்.

லைசென்ஸ் விஷயம் கொஞ்சம் கனமானது. மைத்துனரிடம் இருப்பது எல்.எம்.வி., அதாவது இலகுரக வாகன லைசென்ஸ் மட்டும். ஒரு காலத்தில் இதைக் காட்டியே ஏகப்பட்ட கிளெய்மைத் தள்ளினார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம் என்று 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகள் விடவில்லை, அது ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போனது. 2024 நவம்பர் 6ஆம் தேதி அந்த அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. அதற்கு அப்புறமும் ஒரு கம்பெனி அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறது என்றால், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புகாரில் அதுதான் முதல் இணைப்பு.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) விபத்தன்று செல்லுபடியாக இருந்திருக்கிறது, நகல் பார்த்தேன். அது முடிந்திருந்தால் நான் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். போலீசில் சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) வாங்கி வைத்ததும் நல்லதாயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். இனி போன் வேண்டாம். பிராஞ்சுக்குப் போய் நிற்கவும் வேண்டாம். பாலிசியின் கடைசிப் பக்கங்களில் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். அதற்கு இப்படி எழுதுங்கள்:

“இந்தப் பாலிசி எண், இந்தக் கிளெய்ம் எண். இந்தத் தேதியில் தகவல் சொன்னேன். சர்வே ரிப்போர்ட் உங்களுக்கு வந்தது இந்தத் தேதியில். அதிலிருந்து 7 நாளில் முடிவு சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கேட்ட பெர்மிட் இந்த எடை வண்டிக்குச் சட்டப்படி தேவையில்லை. லைசென்ஸ் ஆட்சேபம் 2024 நவம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரானது. சர்வேயர் மதிப்பிட்ட 70,000 ரூபாயையும், தாமதமான நாளுக்கு வங்கி வீதத்துக்கு மேல் 2 சதவீத வட்டியையும் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கிய கதை, வீட்டுக் கஷ்டம், ஏஜென்ட் துரோகம் எதுவும் வேண்டாம். படிக்கிற ஆள் அதையெல்லாம் தாண்டிப் போய்த் தேதியைத்தான் தேடுவார். தேதி மூன்றாவது பக்கத்தில் இருந்தால் மூன்றாவது பக்கம் வரை அவர் வரமாட்டார்.

அனுப்பிய அன்றே ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் அதே வாசகத்தைப் பதியுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் 155255க்குப் போன் செய்து பதியச் சொல்லலாம். அங்கே பதிந்தால் ஒரு டோக்கன் எண் வரும், அது கம்பெனியின் திரையிலும் தெரியும். என் அனுபவத்தில் பாதி ஃபைல் இந்த இடத்தில் நகர்ந்துவிடும். ‘ரீஜனல் ஆபீசில் இருந்த’ ஃபைல் மறுநாளே பிராஞ்சுக்கு வந்துவிடும், அது ஒரு மாயம்.

குறைதீர்ப்பு அதிகாரிக்கு இரண்டு வாரம் கெடு. ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது கம்பெனி மேல் வரும் புகாரை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் அதிகாரி. தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை அண்ணா சாலை, தேனாம்பேட்டையில். ஆன்லைனில் மனுப் போடலாம், விசாரணையை வீடியோவிலும் நடத்துகிறார்கள், ஈரோட்டிலிருந்து பஸ் ஏற வேண்டியதில்லை. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, வக்கீல் வைக்கவும் விடமாட்டார்கள். சரக்கு வண்டி என்பதால் அங்கே எடுக்க மாட்டார்கள் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தனி ஆள் நடத்தும் தொழிலின் பாலிசிகளையும் அவர் விசாரிக்கலாம், விதியிலேயே இருக்கிறது. 50 லட்சம் வரை அவருக்கு அதிகாரம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும். கம்பெனி 30 நாளில் பணம் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும் என்று 2024இல் சேர்த்திருக்கிறார்கள். கட்சிக் கொடியோடு நடந்த பல கூட்டத்தைவிட இந்த ஒரு வரிக்குப் பயம் அதிகம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வியாபார வண்டி, நீ நுகர்வோர் இல்லை’ என்ற வாதத்தையும் அங்கே எடுப்பார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் 70,000க்கு அங்கே வருடக்கணக்கில் வாய்தா வாங்குவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பணம் தரும் முன் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வவுச்சர் நீட்டுவார்கள். அதில் வட்டிக்கான வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துக்கு மேலே ‘வட்டிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல்’ என்று உங்கள் கையால் எழுதிப் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி ஆயிரம் சொச்சம்தான் வரும். நீங்கள் வெளியில் கட்டிய வட்டியில் அது கால்வாசிகூட இருக்காது என்று தெரியும்.

நடப்புப் பாலிசியில் ஐ.எம்.டி. 23ஐ இப்போதே சேர்க்க முடியுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், வண்டியைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பார்கள். உங்கள் 12,000க்கு அது 1,800 ரூபாயும் வரியும். அப்புறம் இனிமேல் சின்ன உரசலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். போனஸ் ஏறின வண்டியில் பத்தாயிரத்துக்குக் கீழே உள்ள வேலையைக் கைக்காசில் முடிப்பதே லாபம். மின்னஞ்சல் அனுப்பிய தேதியை எனக்கு ஒரு வரியில் தெரிவியுங்கள். முப்பத்தோராம் நாள் ஆம்பட்ஸ்மேன் மனுவை நாம் சேர்ந்து எழுதலாம்.